கர்ப்ப காலத்தில் கடுமையான வலி: எந்த மாத்திரை, எந்த ஊசி, எத்தனையாவது வாரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சேலத்தில் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்க்கும் மருந்தாளுநர். மாசமாக இருக்கும் பெண்களும், அவர்களைக் கூட்டி வரும் அம்மா, மாமியார், வீட்டுக்காரர்களும் கவுன்டரில் கேட்பவற்றைத் தொகுத்திருக்கிறேன். மருந்துச் சீட்டு எழுதுவது டாக்டர் வேலை, இதைச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டாக்டரிடம் எதைக் கேட்பது, கடையில் எதை வாங்காமல் இருப்பது என்பதற்கு இது உதவும்.

பவர் ஜாஸ்தியான மாத்திரைதானே குழந்தைக்குக் கெடுதல்? சாதாரண வலி மாத்திரை போட்டால் ஒன்றும் ஆகாதுதானே?

வருகிறவர்களில் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். நிலவரம் கிட்டத்தட்ட தலைகீழ். ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்காணிப்பில் ஒன்றிரண்டு வேளை போடும் மார்ஃபின் ஊசிக்குப் பயந்து நடுங்குகிறவர்கள், ஏழாம் மாதத்தில் இடுப்பு வலி என்று தெருமுனை மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கி நான்கு நாள் சாப்பிடத் தயங்குவதில்லை. இந்த இரண்டில் எனக்கு அதிகம் பயம் தருவது இரண்டாவதுதான். மாத்திரையின் பவரை விட, அது எந்த வகை, உங்களுக்கு எத்தனையாவது வாரம், எத்தனை நாள் சாப்பிடுகிறீர்கள் என்பவைதான் முக்கியம். அதனால் கவுன்டரில் பெயரைச் சொல்லும் முன் வாரத்தைச் சொல்லுங்கள். கடைசியாக மாதவிடாய் வந்த முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும்.

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் ஏன் கூடாது?

20 வாரம் தாண்டிய பிறகு பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். வீக்கத்தையும் வலியையும் சேர்த்துக் குறைக்கும் இந்த வகை மாத்திரைகள் குழந்தையின் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். சிறுநீர் குறையும், பனிக்குட நீரும் வற்றும். பெரும்பாலும் சில நாட்களோ வாரங்களோ தொடர்ந்து எடுத்த பிறகு இது தெரியவரும். சிலருக்கு இரண்டே நாளில் ஆனதும் உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 அக்டோபரில் இதற்காகவே 20 வாரத்திலிருந்து இவற்றைத் தவிர்க்கச் சொல்லி எச்சரித்தது.

30 வாரத்துக்குப் பிறகு இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. வயிற்றுக்குள் இருக்கும் குழந்தை மூச்சு இழுத்துக் காற்று வாங்குவதில்லை, அதனால் அதன் ரத்தத்தில் பெரும்பகுதி நுரையீரலுக்குள் போகாமல் ஒரு குறுக்குக் குழாய் வழியாக உடம்புக்குப் போய்விடுகிறது. ஊருக்குள் நுழையாமல் கொண்டலாம்பட்டி பைபாஸில் திரும்பும் லாரி மாதிரி. அந்தக் குழாய் குழந்தை பிறந்து மூச்சு விட்ட பிறகுதான் மூட வேண்டும். இந்த மாத்திரைகள் அதை முன்கூட்டியே சுருக்கிவிடும். இதயத்துக்கு அழுத்தம் ஏறும். 30 வாரம் ஆகிவிட்டால் இந்த வகை வேண்டவே வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

ஒரே ஒரு விலக்கு: பிபி ஏறாமல் இருக்க சிலருக்கு டாக்டர் தினமும் 75 அல்லது 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் எழுதுவார். அது வலிக்காகத் தருவதில்லை. இதைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடாதீர்கள்.

எந்தப் பெயரில் எல்லாம் இது வருகிறது?

சிக்கலே இங்கேதான். காம்பிஃப்ளாமில் ஐபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் சேர்ந்திருக்கிறது. ஜீரோடால் பி-யில் அசெக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும். வோவரான் என்றால் டைக்ளோஃபெனாக். மாதவிடாய் வலிக்கு எல்லார் வீட்டு டப்பாவிலும் கிடக்கும் மெஃப்டால் ஸ்பாஸில் மெஃபினமிக் ஆசிட். நாப்ராக்ஸன், கீட்டோரோலாக் இவையும் இதே குடும்பம்.

கவுன்டரில் பலர் கத்தரியால் வெட்டிய இரண்டு மாத்திரைத் துண்டை நீட்டி "இதே மாதிரி இன்னும் நாலு" என்பார்கள். வெட்டிய துண்டின் பின்பக்கம் பார்த்தால் "ஃபெனாக்" என்கிற வால் மட்டும் இருக்கும், மீதிப் பெயர் கடைக்காரர் வைத்துக்கொண்ட அட்டையோடு போயிருக்கும். அந்த வால் ஒன்றே எனக்குப் போதும், தர மாட்டேன். உங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கர்ப்ப காலத்தில் எந்த மருந்தையும் பெயர் உள்ள அட்டையோடு வாங்குங்கள். வெட்டித்தான் தருவேன் என்றால் பெயரை பில்லில் எழுதி வாங்குங்கள்.

கர்ப்பம் என்று தெரியாமல் ஒன்றிரண்டு போட்டுவிட்டேன். கலைக்க வேண்டுமா?

வேண்டாம். ஆரம்ப வாரங்களில் ஒன்றிரண்டு வலி மாத்திரை போட்டது கர்ப்பத்தைக் கலைப்பதற்கான காரணமே இல்லை. எது, எப்போது, எத்தனை என்று தேதியோடு எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். 20 வாரத்துக்குப் பிறகு இரண்டு நாளுக்கு மேல் சாப்பிட்டிருந்தால் உடனே நிறுத்திவிட்டு, பனிக்குட நீர் பார்க்க ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். நீர் குறைந்திருந்தாலும் மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப ஏறிவிடும்.

பாராசிட்டமால் எவ்வளவு போடலாம்? அதனால் குழந்தைக்கு ஆட்டிசம் வரும் என்கிறார்களே?

எந்த மாதத்திலும் முதலில் எடுக்க வேண்டியது பாராசிட்டமால்தான். ஒரு வேளைக்கு 500 அல்லது 650 மில்லிகிராம், அடுத்த வேளைக்குள் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் இடைவெளி. புத்தகக் கணக்கில் ஒரு நாளைக்கு உச்சம் 4 கிராம். ஆனால் நம் பக்கம் 45 கிலோ எடையில் கர்ப்பம் சுமக்கும் பெண்கள் நிறைய. கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று பார்த்தால் அவர்களுக்கு ஒரு வேளைக்கு ஒரு 650, நாளுக்கு நான்கு, அதோடு சரி. டோலோவும் போட்டு, அதே நேரத்தில் சளிக்கு வாங்கிய மாத்திரையிலும் பாராசிட்டமால் இருந்தால் கணக்குத் தப்பும். இரண்டு மூன்று நாளில் வலி அடங்காவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும்.

ஆட்டிசம் பேச்சு 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசு அறிவித்ததிலிருந்து வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உலக சுகாதார நிறுவனமும் ஐரோப்பிய மருந்து அமைப்பும் அந்த அறிவிப்புக்குப் பிறகும் தங்கள் ஆலோசனையை மாற்றவில்லை. 2024-ல் ஸ்வீடனில் ஏறக்குறைய 25 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை வைத்து, ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது தொடர்பு எதுவும் தெரியவில்லை. காய்ச்சலையும் கடும் வலியையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதால் குழந்தைக்கு நல்லது எதுவும் கிடைப்பதில்லை. தேவைக்கு, குறைந்த அளவில், குறைந்த நாள்: அவ்வளவுதான் விதி.

பாராசிட்டமால் கேட்கவில்லை. டிரமடால், மார்ஃபின் போடலாமா?

போடலாம், ஆனால் நீங்களாகப் போட முடியாது. டிரமடால், கோடீன், மார்ஃபின், பெத்திடின், ஃபென்டனில் எல்லாம் அபின் வகை வலி மருந்துகள். டிரமடாலை 2018 ஏப்ரலில் மத்திய அரசு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டு வந்தது. அதிலிருந்து கடைக்காரர் சீட்டைப் பார்த்து, ரிஜிஸ்டரில் எழுதி, கணக்கு வைத்துத்தான் தர முடியும். சீட்டு இல்லாமல் தருகிற கடை உங்களுக்கு உபகாரம் செய்கிறது என்று நினைக்காதீர்கள்.

எலும்பு முறிவு, கல்லடைப்பு, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலி, புற்றுநோய் வலி போன்றவற்றுக்கு டாக்டர்கள் இவற்றைத் தருவார்கள். குறைந்த அளவில் சில நாள் என்றால், தாய்க்குக் கிடைக்கும் பலன் பெரிது. முதல் மூன்று மாதத்தில் எடுத்தால் குழந்தைக்குச் சில குறைபாடுகள் கொஞ்சம் கூடுமோ என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, மற்றவற்றில் அப்படித் தெரியவில்லை. அதனால் அந்த மாதங்களில் டாக்டர் இன்னும் யோசித்து எழுதுவார். தாய்க்கு மலச்சிக்கல், வாந்தி, தலைசுற்றல், தூக்கம் வரும். தூக்க மாத்திரையோடு சேர்த்தால் மூச்சு மந்தமாகும். ஏற்கெனவே அல்ப்ரஸோலம், ப்ரீகாபலின் மாதிரி எதையாவது சாப்பிட்டால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.

அல்ட்ராசெட் என்று சீட்டில் இருந்தால் அதில் டிரமடாலோடு 325 மில்லிகிராம் பாராசிட்டமாலும் உண்டு. பாராசிட்டமால் கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும்.

குழந்தை வயிற்றுக்குள்ளேயே போதைக்கு அடிமையாகிவிடுமா?

இரண்டு நாள் ஊசி போட்டதால் ஆகாது. வாரக்கணக்கில், அதிலும் கடைசி மாதங்களில் தொடர்ந்து எடுத்தால், பிறந்த குழந்தைக்கு மருந்து திடீரென நின்றுபோன அறிகுறிகள் வரும்: கீச்சென்ற ஓயாத அழுகை, கை கால் நடுக்கம், தும்மல், பால் சரியாகக் குடிக்காமை, வயிற்றுப்போக்கு. வழக்கமாகப் பிறந்த மூன்று நாளுக்குள் ஆரம்பிக்கும், சிலவற்றில் இன்னும் தள்ளியும் வரும். அதனால் அப்படிப்பட்ட குழந்தையை அடுத்த நாளே வீட்டுக்கு அனுப்பாமல் வைத்துப் பார்ப்பார்கள். இதற்குச் சிகிச்சை உண்டு. குழந்தை மருத்துவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

மாதக்கணக்கில் டிரமடால் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், இப்போது கர்ப்பம். இன்றைக்கே நிறுத்திவிடட்டுமா?

கூடாது. எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், அதனால் அழுத்திச் சொல்கிறேன். பழகிய உடம்பில் திடீரென நிறுத்தினால் தாய்க்கு வரும் நடுக்கமும் வியர்வையும் வயிற்றுப் பிடிப்பும் கருச்சிதைவிலோ குறைமாதப் பிரசவத்திலோ போய் முடியலாம். டாக்டர் படிப்படியாகக் குறைப்பார், அல்லது புப்ரெனார்ஃபின் போன்ற மருந்துக்கு மாற்றுவார். மாமியாருக்குத் தெரியாமல் சாப்பிடுகிறேன் என்றால், செக்கப்புக்குப் போகும்போது டாக்டரிடம் இரண்டு நிமிஷம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

கல்லடைப்பு வந்தால்?

சேலத்து வெயிலில், தறிக்கூடத்திலோ பட்டறையிலோ தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு இது வரும். விலாவுக்குக் கீழே ஆரம்பித்து அடிவயிற்றுக்கு இறங்கும் வலி. பிரசவ வலியே பரவாயில்லை என்பார்கள். கர்ப்பம் இல்லாதவருக்கு இங்கே முதலில் ஏறுவது டைக்ளோஃபெனாக் ஊசி. இரவு நேரத்தில், வயிறு இன்னும் வெளியே தெரியாத ஐந்தாம் மாதத்தில், சேலை கட்டிக்கொண்டு சின்ன கிளினிக்குக்குப் போனால் கர்ப்பமா என்று கேட்க மறந்துவிடவும் கூடும். கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். ஊசியைப் பார்த்ததும் "நான் 22 வாரம், இது என்ன ஊசி" என்று கேளுங்கள்.

கர்ப்பிணிக்குப் பாராசிட்டமாலை நரம்பு வழியாகவும், பிடிப்புக்கு ட்ரோட்டாவெரின் போன்றதும், அடங்காவிட்டால் டிரமடால் அல்லது மார்ஃபினும் தருவார்கள். ஸ்கேன் எடுத்துக் கல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பெரும்பாலான கற்கள் தானாகவே இறங்கிவிடும். வலியோடு குளிர் காய்ச்சல் வந்தால் சிறுநீரகத்தில் கிருமி ஏறியிருக்கலாம், அதற்கு அட்மிஷன்தான்.

மாத்திரை போட்டு அடக்கவே கூடாத வலி எது?

வயிறு கல் மாதிரி இறுகி வலிப்பது, ரத்தப்போக்கோடு வலி, நீர் உடைந்தது, குழந்தை அசைவு குறைந்தது. முதல் மூன்று மாதத்தில் அடிவயிற்றின் ஒரு பக்கம் குத்தி மயக்கம் வருவது: கரு குழாயில் தங்கியிருக்கலாம், அது உயிருக்கே ஆபத்து. 37 வாரத்துக்கு முன்பே விட்டு விட்டு ஒழுங்காக வரும் வலியைச் சூட்டு வலி என்று வீட்டிலேயே தீர்மானிக்க வேண்டாம்.

நாங்கள் ஏற்காட்டுக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டில் இருக்கிறோம். ராத்திரி வலி வந்தால் என்ன செய்வது?

20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கித்தான் சேலம் வர வேண்டும், மழைக்காலத்தில் பனிமூட்டம் வேறு. அதனால் மலையில் இருப்பவர்கள் கொஞ்சம் முன்னதாகவே முடிவெடுக்க வேண்டும். 108-க்கு ஃபோன் செய்துவிட்டு, ஏற்காடு அரசு ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ முதலில் போங்கள். அங்கே பிபி, குழந்தையின் இதயத்துடிப்பு இரண்டையும் பார்த்த பிறகுதான் வலி ஊசி. பார்க்காமல் போட்டு வலியை மறைத்துவிட்டால், கீழே இருக்கிற டாக்டருக்கு எதனால் வலி என்று கண்டுபிடிப்பது கஷ்டம். கீழே அனுப்பினால், என்ன ஊசி, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி, கர்ப்பிணி அட்டைக்குள் செருகி வையுங்கள். "ஏதோ ஒரு ஊசி போட்டாங்க" என்று வந்தால், இன்னொரு டோஸ் போடலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியாது.

வண்டியில் இடது பக்கம் சாய்ந்து படுக்க வேண்டும். அபின் வகை ஊசி போட்டவருக்கு வளைவுகளில் வாந்தி நிச்சயம் என்று வைத்துக்கொள்ளுங்கள், தூக்கக் கலக்கமும் இருக்கும். கூட ஒரு ஆள் உட்கார்ந்து அவரை எழுப்பி எழுப்பிப் பேசிக்கொண்டே வர வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிரசவப் பிரிவு இரவிலும் இயங்கும்.

தலைவலி தாங்க முடியவில்லை, வழக்கமான ஒற்றைத் தலைவலி மாத்திரை போடலாமா?

வாசோகிரைன் போன்றவற்றில் எர்கோட்டமின் இருக்கிறது. அது ரத்தக்குழாயைச் சுருக்கும், கர்ப்பப்பையையும் சுருங்க வைக்கும். கர்ப்பத்தில் தொடவே கூடாது. பாராசிட்டமால், இருட்டறை, தண்ணீர் என்று பார்த்துவிட்டு, முடியாவிட்டால் டாக்டர் சுமாட்ரிப்டான் பற்றி யோசிப்பார். அந்த வகையில் கர்ப்பத்தில் அதிகம் ஆராயப்பட்ட மருந்து அதுதான்.

20 வாரத்துக்குப் பிறகு புதிதாகக் கடும் தலைவலி வந்தால் மாத்திரையை யோசிக்கும் முன் பிபி பாருங்கள். 140/90 அல்லது அதற்கு மேல், கண்ணில் பூச்சி பறப்பது, வலது விலாவுக்குக் கீழே வலி, முகம் வீக்கம், இதில் எது சேர்ந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பல்வலி?

பல் டாக்டரிடம் போங்கள். மரத்துப்போக ஊசி போட்டு வேர் சிகிச்சை செய்வது கர்ப்பத்திலும் பாதுகாப்பானதுதான், நடு மூன்று மாதங்கள் இன்னும் வசதி. பிரசவம் முடியட்டும் என்று மாதக்கணக்கில் மாத்திரையால் ஓட்டுவதுதான் தவறு.

கொலுசுப் பட்டறையில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை. இடுப்பும் முதுகும் விட்டுப் போகிறது.

சிவதாபுரம் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் இதைத்தான் அதிகம் கேட்கிறேன். தரையில் குனிந்து பொடி வைத்துப் பற்ற வைக்கும் வேலையில் எந்த மாத்திரையும் அரை நாளுக்கு மேல் தாங்காது. சுவரில் சாய்ந்து உட்காருவது, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பது, இரவில் இரண்டு கால்களுக்கு நடுவே தலையணை வைத்து ஒருக்களித்துப் படுப்பது, இடுப்பில் பொறுக்கும் சூட்டில் ஒத்தடம், இயன்முறை மருத்துவர் சொல்லும் பயிற்சி: இவைதான் மாசக்கணக்கில் கேட்கும். மேலே பாராசிட்டமால். காலில் உணர்வு இல்லாமல் போவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது இருந்தால் தாமதிக்கவே கூடாது.

தைலம், நாட்டு மருந்து பரவாயில்லையா?

நெற்றியில் கொஞ்சம் தைலம் பரவாயில்லை. முதுகு முழுக்கத் தினமும் தேய்ப்பது, டைக்ளோஃபெனாக் ஜெல் பூசுவது கடைசி மூன்று மாதத்தில் வேண்டாம், தோல் வழியாகவும் மருந்து உள்ளே போகும். சுக்குக் காபி குடியுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் பேர் இல்லாத பொட்டலத்தில் தரும் "வாத மாத்திரை" வேண்டாம். ஒரே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் எனக்குச் சந்தேகம் வரும், உள்ளே ஸ்டீராய்டோ டைக்ளோஃபெனாக்கோ கலந்திருக்கலாம்.

அரிவாள் செல் நோய் (ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரை நோய்) இருக்கிறது. வலி வந்தால்?

வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். கர்ப்பத்தில் இந்த வலி அடிக்கடியும் கடுமையாகவும் வரலாம். ஆஸ்பத்திரியில் திரவம், தேவைப்பட்டால் ஆக்சிஜன், மார்ஃபின் தருவார்கள். பெத்திடினைத் தவிர்ப்பார்கள், வலிப்பு வரக்கூடும். 2023-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதித்து அட்டை வாங்கியிருந்தால் அதையும் கையோடு கொண்டு போங்கள்.

பிரசவ வலிக்கு ஊசி போட்டுக்கொண்டால் சிசேரியனில் முடியுமாமே?

இல்லை. முதுகில் போடும் எபிடியூரல் சிசேரியன் வாய்ப்பைக் கூட்டுவதில்லை. காலம் முழுக்க முதுகுவலி வரும் என்பதும் நிரூபணமாகவில்லை. ஆனால் அதற்கு மயக்க மருந்து டாக்டர் கூடவே இருக்க வேண்டும், எல்லா இடத்திலும் கிடைக்காது. எட்டாம் மாதத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெத்திடின், டிரமடால் ஊசி போடும் இடங்களில், பிரசவத்துக்குக் கொஞ்ச நேரம் முன்பு போட்டால் குழந்தை தூக்கக் கலக்கமாக, மூச்சு மந்தமாகப் பிறக்கலாம். அந்த மந்தத்தை முறிக்கும் மருந்து உண்டு, லேபர் வார்டில் கையிலேயே வைத்திருப்பார்கள். பயத்தில் ஊசியே வேண்டாம் என்று கத்திக் களைத்துப் போவதில் பெருமை ஒன்றும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

குழந்தை பிறந்தாயிற்று. சிசேரியன் தையல் வலிக்கு டைக்ளோஃபெனாக் எழுதியிருக்கிறார்களே, நீங்கள் கூடாது என்றீர்களே?

இப்போது தாராளமாகச் சாப்பிடலாம். பனிக்குடமும் இல்லை, அந்தக் குறுக்குக் குழாய்க்கும் வேலை முடிந்துவிட்டது. தாய்ப்பாலில் டைக்ளோஃபெனாக்கும் ஐபுப்ரோஃபெனும் மிகக் குறைவாகவே போகும். பாராசிட்டமாலோடு நேரம் தவறாமல் எடுத்தால் பெரும்பாலோருக்கு வலுவான மருந்தே தேவைப்படாது. பிபி ஏறியவர், சிறுநீரகக் கோளாறு, குடல் புண் உள்ளவர் மட்டும் முன்பே சொல்லுங்கள்.

பால் கொடுக்கும் காலத்தில் கவனிக்க வேண்டியது கோடீனும் டிரமடாலும். சிலர் உடம்பு இவற்றை மிக வேகமாக வலுவான பொருளாக மாற்றிவிடும், அது பாலில் போய்க் குழந்தையை அசரடித்துவிடும். 2017-ல் இதற்காகவே பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு இரண்டையும் தவிர்க்கச் சொன்னது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. கோடீன் கலந்த இருமல் மருந்தும் இதில் அடக்கம். ஏற்கெனவே சாப்பிட்டிருந்து, குழந்தை பால் குடிக்க எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தால், மூச்சு விடுவதில் சிரமம் தெரிந்தால், அடுத்த வேளையைப் போடாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். மாத்திரை அட்டையையும் எடுத்து வாருங்கள்.